ஒரு வருஷத்துக்கான வத்தல்

அப்பா வாங்கி வந்தபோது அது ஒரு ரொட்டி வண்டி. பக்கவாட்டில் பேக்கரியின் பெயரைச் சுரண்டி எடுத்த தழும்பு இருந்தது. கதவைத் திறந்தால் பழைய மாவு வாசனை அடித்தது. அம்மா வாசலில் நின்று அதை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, உள்ளே போய்விட்டாள். அப்பா அசரவில்லை. ஒரு குளிர்காலம் முழுக்க, பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்திலிருந்து வந்ததும் வராததுமாக வண்டிக்குள் புகுந்துகொள்வார். பலகை அறுத்து, பெஞ்சு அடித்து, அந்தப் பெஞ்சையே இரவில் படுக்கையாக விரிக்க வழி செய்து, எரிவாயு அடுப்பும் காலால் மிதித்தால் தண்ணீர் வரும் தொட்டியும் வைத்து, கடைசியில் அதை ஒரு வீடாக்கிவிட்டார். எழுபதுகளின் நடுவில் ஜெர்மனியில் இப்படி வேனை வீடாக்கிக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களுக்கென்று ஒரு சங்கமும் இருந்தது. அதில் அப்பா சேர்ந்துவிட்டார் என்பது, கோடைக் கூட்டத்துக்கு அழைப்பு வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும்.

கூட்டம் ஓர் ஏரிக்கரைப் புல்வெளியில் மூன்று நாள். நாங்கள் கிளம்பியபோது வீட்டில் பேச்சுவார்த்தை நின்று பத்து நாளாகியிருந்தது. வீட்டில் இருந்ததே மூன்று பேர், அதில் இருவர் பேசிக்கொள்வதில்லை. காரணம் இரண்டு கடிதங்கள். ஒன்று சென்னையிலிருந்து வந்தது, ஒரு கல்லூரியில் அப்பாவுக்கு வேலை தயார் என்று. இன்னொன்று ஆய்வுக்கூடத்திலிருந்து, விருப்பமிருந்தால் மேற்கொண்டு சில வருஷங்கள் இங்கேயே இருக்கலாம் என்று. மாதம் முடிவதற்குள் இரண்டுக்கும் பதில் எழுத வேண்டும். அப்பாவுக்கு இருக்க ஆசை. அம்மாவுக்குப் போக ஆசை. என்னை யாரும் கேட்கவில்லை. எனக்கு ஒன்பது வயது. பள்ளியில் பக்கத்தில் உட்காரும் தோழியோடு சேர்ந்து, அவள் வீட்டுத் தோட்டத்தில் ஒரு முயல் வளர்த்துக்கொண்டிருந்தேன். அந்த முயலுக்குப் பாதிச் சொந்தக்காரி நான். இதைவிட வேறு காரணம் எனக்குத் தேவைப்படவில்லை.

பேசாத இருவருக்கும் நடுவில் நான்தான் தபால். "சாப்பாடு ஆயிருச்சுன்னு உங்கப்பாகிட்ட சொல்லு" என்பாள் அம்மா. அப்பா கைக்கெட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருப்பார். நான் திரும்பி, அதை அவரிடம் சொல்வேன். வெளியே போனாலும் எனக்கு அதே உத்தியோகம், ஜெர்மனில். அம்மாவுக்கு ஜெர்மன் வராது என்பது எங்கள் வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். கறிகாய்க் கடையோ டாக்டர் வீடோ என் டீச்சரோ, எங்கே போனாலும் நான் நடுவில் நின்று அம்மா சொல்வதை ஜெர்மனிலும் அவர்கள் சொல்வதைத் தமிழிலும் சொல்வேன். சும்மா சொல்லக் கூடாது, சுறுசுறுப்பான தபால்காரி. ஆனால் நாளடைவில் கடிதத்தைப் பிரித்துத் திருத்திக் கொடுக்கும் பழக்கமும் எனக்கு வந்துவிட்டது. "இந்த டப்பாவுக்குள்ள எத்தன நாள் வேகணுமாம்னு கேளு" என்று அம்மா சொன்னால், "எத்தன நாள் இருப்போம்னு அம்மா கேக்குறாங்க" என்று அப்பாவிடம் சொல்வேன். காரத்தைக் குறைத்துப் பரிமாறுவதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

புல்வெளியில் முப்பது நாற்பது வண்டிகள் வரிசையாக நின்றன. வந்து சேர்ந்ததும் ஒவ்வொருவரும் முதலில் செய்த காரியம், கொத்தனார்கள் வைத்திருக்கும் ரசமட்டத்தை வண்டிக்குள் தரையில் வைத்துப் பார்த்து, சாய்வு இருந்தால் சக்கரத்துக்கு அடியில் கட்டை கொடுத்ததுதான். மூன்று நாள் இருக்கப்போகிற இடத்துக்கு அவ்வளவு மட்டம் பார்த்தார்கள். அப்பாவும் முழங்கால் போட்டுப் பார்த்தார். சங்கத் தலைவர் அரைக்கால் சட்டையும் முழங்கால்வரை இழுத்துவிட்ட காலுறையுமாக வந்து, விதிகளை விளக்கினார். மத்தியானம் ஒன்றிலிருந்து மூன்றுவரை சத்தம் கூடாது. வண்டிக் கதவைக்கூட அடித்துச் சாத்தக் கூடாது. புது உறுப்பினர் கடைசி நாள் மாலை எல்லோர் முன்னாலும் எழுந்து தன்னைப் பற்றிப் பேச வேண்டும். பேசி முடித்தால்தான் வண்டி முகப்பில் பொருத்தச் சங்கத்தின் பெயர் பொறித்த வில்லை கிடைக்கும். அப்பா அந்தப் பேச்சை வாரக்கணக்காக மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்.

அந்தக் கோடையில் வெயில் இரக்கமில்லாமல் காய்ந்தது. ஜெர்மன்காரர்கள் சுருண்டுவிட்டார்கள். ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் தொட்டியில் கால்களை ஊறவைத்தபடி, ஒருவருக்கொருவர் அனுதாபம் சொல்லிக்கொண்டார்கள். அம்மா மட்டும் வண்டியிலிருந்து இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு வெயிலில் போய் நின்றாள். நின்று, வானத்தை ஒரு கணக்குப் பார்வை பார்த்தாள். பிறகு உள்ளே போய்ப் பெரிய பாத்திரத்தை அடுப்பில் ஏற்றினாள். இங்கே புட்டிங் செய்வதற்காகக் கடைகளில் விற்கும், உருளைக்கிழங்கு மாவில் செய்த ஜவ்வரிசியை ஆறு பொட்டலம் கையோடு கொண்டுவந்திருந்தாள். எலுமிச்சம்பழமும், ஊரிலிருந்து வந்த பெருங்காயமும், அப்பா இந்த ஊரில் ஒருநாளும் கட்டாத எட்டு முழ வேட்டியும் கூடவே வந்திருந்தன.

அப்பா ஏணியைச் சாத்திப் பிடித்துக்கொண்டார். அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டியின் கூரைமேல் ஏறி, வேட்டியை விரித்து, கூழைக் கரண்டி கரண்டியாக வட்டம் வட்டமாக ஊற்றினாள். மொத்தப் புல்வெளியும் தொட்டியில் காலை வைத்தபடி எங்களைப் பார்த்தது. எனக்கு அவமானமாக இருந்தது. கீழே ஓடி ஒளிந்துகொள்ளலாம் என்றால், பாத்திரத்தைத் தூக்கிக் கொடுக்கும் வேலை என்னுடையது.

தலைவர் விசாரிக்க வந்தார். நான் மேலே பார்த்துக் கேட்டேன். "வத்தல்னு சொல்லு" என்றாள் அம்மா. வத்தலைப் பற்றி விளக்கும் பொறுமை எனக்கு இல்லை. "வெயிலுக்காக" என்று மட்டும் சொல்லி முடித்துவிட்டேன். அவர் மிகுந்த மரியாதையோடு தலையாட்டிவிட்டுப் போனார். சாயங்காலத்துக்குள் நாலைந்து வண்டிகளின் கூரைமேல் நனைத்த வெள்ளைப் படுக்கை விரிப்புகள் ஏறிவிட்டன. வெயிலைப் பற்றி இந்தியர்களுக்குத் தெரியாதா என்ன! அப்பா அதைப் பார்த்துவிட்டு வண்டிக்கு இந்தப் பக்கம் சிரித்தார். அந்தப் பக்கம் அம்மா சிரிப்பதும் கேட்டது. பத்து நாளுக்குப் பிறகு இருவரும் ஒரே விஷயத்துக்குச் சிரித்தார்கள்.

மறுநாள் அம்மா வேட்டியைத் திருப்பிப் போட்டு, தண்ணீர் தெளித்து, வத்தலை உரித்துத் தட்டுகளில் பரப்பினாள். மூன்றாம் நாள் மத்தியானம் அது கலகலவென்று காய்ந்துவிட்டது. இரண்டு பெரிய பிஸ்கட் டப்பா நிறைந்தது. அப்போது ஒன்றரை மணி இருக்கும், சத்தம் கூடாத நேரம். அம்மா வாணலியில் எண்ணெய் ஊற்றிவிட்டு, என்னைத் தாண்டி நேராக அப்பாவைக் கூப்பிட்டாள்.

"எண்ணெய் காஞ்சிருச்சான்னு ஒண்ணு போட்டுப் பாருங்க. பொரிஞ்சு மேல வந்ததும் எடுத்திரணும். சிவக்க விடக் கூடாது."

அதுவரை வெந்நீர்கூட வைத்தறியாத அப்பா, கரண்டியைச் சோதனைக் குழாய்போலப் பிடித்துக்கொண்டு நின்றார். முதல் நான்கு கருகின. ஐந்தாவது வெள்ளையாகப் பொரிந்தது. விதிப்படி எல்லாமே கிசுகிசுப்பில் நடந்ததால், இருவரும் தலையோடு தலை சேர்த்துப் பேச வேண்டியிருந்தது. நான் வேலையில்லாமல் பெஞ்சில் உட்கார்ந்து, கருகியதைத் தின்றேன். அவ்வளவு சந்தோஷமாக அந்தக் கோடையில் நான் இருந்ததில்லை.

அப்பா டப்பாக்களைத் தூக்கிப் பார்த்தார். "இவ்வளவு எதுக்கு?"

"ஒரு வருஷத்துக்கு வேணும்ல" என்றாள் அம்மா.

எங்கள் ஊரில் கோடையில் ஒருமுறை வத்தல் போட்டால், அடுத்த கோடைவரை அதுதான். அது அப்பாவுக்கும் தெரியும். அவர் டப்பாவை மெதுவாகக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு வெளியே போய், அழுக்கே இல்லாத வண்டியைக் கழுவ ஆரம்பித்தார்.

மாலையில், வெயில் இன்னும் ஏரிமேல் கிடக்கும்போதே கூட்டம் கூடியது. அப்பா எழுந்தார். மனப்பாடம் செய்த பேச்சில் இரண்டு வரி சொன்னவர், மீதியை மறந்தோ வேண்டாமென்றோ விட்டுவிட்டார். எங்கள் கூரைமேல் காய்ந்தது என்ன என்று சொன்னார். படுக்கை விரிப்புக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள். இங்கேயே இருப்பதா, திரும்பிப் போவதா என்று வீட்டில் ஒரு கேள்வி இருந்ததாகவும், இன்று மத்தியானம் தன் மனைவி ஒரு வருஷத்துக்கான உணவைச் சேர்த்து வைத்து அதற்குப் பதில் சொல்லிவிட்டதாகவும் அவர் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். தலைவர் வில்லையை நீட்டினார்.

அப்பா முன்னால் நின்று கைகுலுக்கிக்கொண்டிருந்தபோது, தலைவரின் மனைவி எழுந்து வந்து, அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். பிறகு என் பக்கம் குனிந்து, உன் அம்மாவுக்குச் சந்தோஷம்தானா என்று கேட்டார். நான் அதைத் தமிழில் சொன்னேன்.

அம்மாவின் முகத்தில் சிரிப்பு இல்லை. "நான் இன்னும் ஒண்ணும் சொல்லலைன்னு சொல்லு" என்றாள்.

நான் அந்த அம்மாளை நிமிர்ந்து பார்த்து, "அம்மாவுக்கு ரொம்ப ரொம்பச் சந்தோஷமாம்" என்று ஜெர்மனில் சொன்னேன். யோசிக்கக்கூட இல்லை. முயல், தோழி, கண்ணாடியைத் துடைத்த அப்பா எல்லாம் சேர்ந்து என் வாயைத் திறந்துவிட்டன. அந்த அம்மாள் அம்மாவைக் கட்டிக்கொண்டார். அவர் தோளுக்கு மேலாக அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இல்லை. புதிதாக யாரையோ பார்ப்பதுபோல இருந்தது. பிறகு என்னை இழுத்து, வேர்த்திருந்த முகத்தை முந்தானையால் துடைத்துவிட்டாள். தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போனதும் அப்பா சென்னைக்கு மறுத்து எழுதினார். அம்மா எதுவும் சொல்லவில்லை. நாங்கள் இங்கேயே இருந்துவிட்டோம்.

அப்பா காலமான மறு வருஷம், அம்மாவின் சமையலறையை ஒழித்துக்கொடுக்கப் போனேன். அந்தப் பிஸ்கட் டப்பாக்களில் ஒன்று கிடைத்தது. நான் அப்பாவின் பேச்சை நினைவுபடுத்திச் சிரித்துக்கொண்டிருந்தேன். அம்மா டப்பாவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அது மூணு பேருக்குப் போட்ட வத்தல் இல்ல. உங்கப்பா ஒருத்தருக்குப் போட்டது."

ஆகஸ்டில் என்னை அழைத்துக்கொண்டு கிளம்பிவிடுவதாகத் தன் அண்ணனுக்கு எழுதிவிட்டாளாம். அப்பா வேண்டுமானால் தனியாக ஒரு வருஷம் இருந்து பார்க்கட்டும் என்று முடிவு. திரும்பும் வழியில் வண்டியில் வைத்துச் சொல்வதாக இருந்தாளாம். பொரிக்கச் சொல்லிக்கொடுத்தது அதற்குத்தான். தனியாக இருக்கப்போகிற மனுஷன் மோர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள ஏதாவது வேண்டாமா?

"அப்ப ஏம்மா நீ சொல்லவே இல்ல?"

"சொன்னேனே. உன்கிட்டதான சொன்னேன்."

அந்த மாலையை நான் மறந்திருக்கவில்லை. அம்மாவுக்கு அது தெரியாது என்றுதான் இத்தனை வருஷமும் நிம்மதியாக இருந்தேன்.

"நீ அந்தம்மாகிட்ட என்ன சொன்னேன்னும் புரிஞ்சுது" என்றாள் அம்மா. "நாலு வருஷம் கடை கண்ணிக்குப் போய் வந்தவளுக்கு அதுகூடவா புரியாது? நீ நடுவுல நின்னு பெரிய மனுஷியாட்டம் பேசுவ. பாக்க ஆசையா இருக்கும், அதான் விட்டிருந்தேன்." டப்பாவின் மூடியை ஒருமுறை திறந்து மூடினாள். "உன்னை நாங்க ரெண்டு பேருமே கேக்கலையேன்னு அப்பதான் தோணுச்சு."

அன்று அம்மாவின் பதிலை மாற்றிச் சொன்னதாக நான் நினைத்திருந்தேன். அதை அவள் என்னுடைய பதிலாக எடுத்துக்கொண்டு, தன்னுடையதை விழுங்கிவிட்டாள் என்பது அந்த ஒன்பது வயதுக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அந்த அம்மாளிடம் என்ன சொல்லியிருப்பேன் என்பது இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.