துணைக்கால்

என் வீட்டுக்காரர் என்னைத் "தலைவரே" என்று கூப்பிட்டால், அவர் கையில் ஏதோ காகிதம் இருக்கிறது என்று அர்த்தம். மற்ற நேரமெல்லாம் "இந்தா"தான். ஊராட்சி மன்றத் தலைவர் நான். பலகையில் இருந்தது என் பெயர். ஆனால் ஊருக்கு அவர்தான் தலைவர், நான் தலைவர் வீட்டம்மா. "தலைவர் இருக்காராக்கா?" என்று என்னிடமே வந்து கேட்பார்கள். உள்ளே குளிக்கிறார் என்று நானும் வாய் கூசாமல் சொல்லியிருக்கிறேன்.

இந்தப் பதவிக்காக அவர் பட்ட பாட்டைச் சொல்லாமல் விட்டால் அது பாவம். கல்யாணமான புதிதில் அவர் சட்டையில் எப்போதும் பசை நாற்றம் அடிக்கும். சமயநல்லூரிலிருந்து அலங்காநல்லூர் வரைக்கும் அவர் போஸ்டர் ஒட்டாத சுவர் கிடையாது. அப்புறம் கிளைச் செயலாளர் ஆனார். எந்த ஊரில் கேதம் என்றாலும் சொந்தக்காரர்களுக்கு முந்தி மாலையோடு நிற்பார். சாவுச் செய்தி இந்த மனிதருக்கு மட்டும் எப்படி முதலில் வருகிறது என்று எனக்கு அப்போதே ஒரு சந்தேகம். ஆஸ்பத்திரி வாசலில் ஆள் வைத்திருக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது. இவ்வளவும் செய்து ஒருமுறை தேர்தலில் நின்று தோற்றார். அடுத்த முறை நிச்சயம் என்று இருந்தபோது, எங்கள் ஊராட்சியைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலையில் இட்லித் தட்டோடு போன என்னைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, முதன்முதலாகத் "தலைவரே" என்றார்.

வேட்புமனுப் போடுவதற்கு முன்னால் அவர் செய்த முதல் காரியம் என் இனிஷியலை மாற்றியது. பள்ளிக்கூடத்திலிருந்து அன்றுவரை நான் அப்பாவின் எழுத்தை முன்னால் வைத்துத்தான் கையெழுத்துப் போட்டு வந்தேன். அப்பாவுக்கு 'ரா'. இவருக்கு 'ர'. ஒரு துணைக்கால்தான் வித்தியாசம்.

"அந்தக் கால் எதுக்கு? எடுத்துரு. சுவத்துல பேரைப் பாத்ததுமே எவன் பொண்டாட்டின்னு தெரியணும்ல," என்றார்.

எடுத்துவிட்டேன். ஜெயித்தும்விட்டேன். ஒன்றிய அலுவலகத்தில் மாதிரிக் கையெழுத்து வாங்கியபோது, பழக்கதோஷத்தில் கால் போட்டுவிடுவேனோ என்று பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டார்.

முதல் வருஷம் முழுக்க அவர் நீட்டிய இடத்திலெல்லாம் போட்டேன். லெட்டர் பேடைக் கட்டாகக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைப்பார்.

"தலைவரே, ஒரு பத்துத் தாள்ல போட்டு வையி. நீ அடுப்படியில நிப்ப. அவசரத்துக்கு ஆள் வந்தா உன்னையத் தேடிக்கிட்டு இருக்க முடியாதுல்ல."

வெறுந்தாளின் அடியில், முத்திரை வைக்க இடம் விட்டுப் போட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பெருமையாகக்கூட இருந்தது. கை வலிக்கப் போட்டேன்.

அப்புறம் ஒருநாள் ரேஷன் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்றவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. என்னடி என்று கேட்டேன்.

"எங்க தெருக் குழாயப் பிடுங்கி அடுத்த தெருவுல வையின்னு லெட்டரக் குடுத்துட்டு, என்னடின்னு வேற கேக்குறீக," என்றாள்.

அப்படி ஒரு கடிதத்தை நான் கண்ணால் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்து கேட்டேன். "அது வேற லெட்டர்," என்றார், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். எந்த லெட்டருக்கு அது வேற லெட்டர்? அதை அவர் சொல்லவில்லை.

அன்றிலிருந்து எனக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம். போன் வந்தால் மொட்டைமாடிக்கு ஏறுகிறாரே, ஏன்? ஆனையூரிலிருந்து வீட்டுமனை விற்கிற ஒருவர் வாரம் தவறாமல் வந்து என் காபியை ஆகா ஓகோ என்கிறாரே, என் காபி அப்படி ஒன்றும் நன்றாக இருக்காதே? அடுத்தமுறை "தலைவரே" என்று வெறுந்தாள்களை நீட்டினார். எல்லாவற்றிலும் என் பழைய கையெழுத்தைப் போட்டேன், துணைக்காலோடு. படித்துப் பார்த்துப் போடுகிற எதிலும் 'ர'. வெறுந்தாளில் மட்டும் 'ரா'. அவர் கவனிக்கவே இல்லை. கையெழுத்து இருக்கிறதா என்று பார்ப்பாரே தவிர, அதில் யாருடைய எழுத்து இருக்கிறது என்று எப்போது பார்த்தார்? இதனால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியாது. என்றைக்காவது ஒரு கடிதம் பிரச்சினையாகி வந்து நின்றால், அது நான் எழுதியதில்லை என்று எனக்காவது தெரியட்டும் என்று நினைத்தேன்.

வந்து நின்றது. ஒரு காலை நேரம் அப்பா வந்தார். எங்கள் ஊராட்சியிலேயே கண்மாயை ஒட்டிய சின்ன ஊரில்தான் நான் பிறந்தேன். அணையில் தண்ணீர் திறந்தால், வரத்துக்கால் என்று நாங்கள் சொல்கிற வாய்க்கால் வழியாகத்தான் அந்தக் கண்மாய்க்கு வரும். அதை நம்பித்தான் அப்பாவின் வயலும் ஊரின் மொத்த வயலும் இருக்கின்றன. அப்பா செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"வரத்துக்கால்ல மண்ணைக் கொட்டி மேவுறாய்ங்க. பிளாட்டுக்கு ரோடு போடப் போறாய்ங்களாம். கேட்டா, அது கால் இல்ல, வெறும் பள்ளம்னு தலைவரே லெட்டர் குடுத்துட்டாகங்கிறாய்ங்க. நீயா ஆத்தா குடுத்த?"

"நான் குடுக்கலப்பா."

"கையெழுத்து உன்னுதுன்னு சொல்றாய்ங்களே."

காபி போட்டுக் கொண்டுவந்தேன். வேண்டாம் என்று படியிறங்கிப் போய்விட்டார். அப்பா என் வீட்டில் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காமல் போனது அதுதான் முதல் தடவை.

ஊர்க்காரர்கள் மனுக் கொடுத்தார்கள். ஒன்றிய அலுவலகத்தில் விசாரணை, தலைவர் நேரில் வர வேண்டும் என்று கடிதம் வந்தது. பைக்கில் போகிற வழியெல்லாம் அவர் பாடம் நடத்தினார்.

"உங்க கையெழுத்தான்னு கேப்பாங்க தலைவரே. ஆமான்னு ஒரு வார்த்தை போதும். மத்தத நான் பாத்துக்கிறேன் தலைவரே."

அங்கே அப்பாவும் நாலைந்து பேரும் சுவரோரம் நின்றார்கள். அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. அதிகாரி அந்தக் கடிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"இது உங்க கையெழுத்தாம்மா?"

"அவங்களதுதான் சார்," என்று இவர் முந்திக்கொண்டார்.

"அம்மா சொல்லட்டும்."

கடிதத்தை முழுவதும் படித்தேன். 'பயன்பாட்டில் இல்லாத பள்ளம்' என்று இருந்தது. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நான் அயிரை பிடித்த இடம் அது.

"கை என்னுதுதான் சார்," என்றேன். "கால் எங்கப்பாவுது."

அதிகாரிக்குப் புரியவில்லை. என் மாதிரிக் கையெழுத்தை எடுக்கச் சொன்னேன்.

"தலைவரா நான் போடுறது 'ர' சார். இது 'ரா'. வெறுந்தாள்ல போட்டுத் தரச் சொன்னா மட்டும் இப்படிப் போட்டேன். இதுல இருக்கிற ஒரு வரியும் நான் எழுதுனதில்ல. அது பள்ளம் இல்ல, வரத்துக்கால்."

அதிகாரி இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அந்தத் துணைக்காலைப் பேனாவால் சுழித்தார். இந்தக் கடிதம் செல்லாது, கொட்டின மண்ணை அள்ளச் சொல்கிறேன் என்றார். அப்பா அப்போதுதான் நிமிர்ந்தார். வெளியே வந்ததும், வெயிலில் நிற்காதே, வீட்டுக்குப் போ ஆத்தா என்று மட்டும் சொன்னார்.

திரும்பும்போது சமயநல்லூர் தாண்டியதும் இவர் வண்டியை மெதுவாக்கினார். திட்டட்டும், திருப்பித் தருகிறேன் என்று நானும் தயாராகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

"எப்பருந்து கால் போடுற?" என்றார்.

"குழா விஷயம் தெரிஞ்சதுல இருந்து."

"அதுக்கு முந்திப் போட்டதெல்லாம்?"

"அதெல்லாம் உங்க எழுத்துதான்."

வண்டிக் கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. துளிக் கோபம் இல்லை. நிம்மதியாக ஒரு மூச்சு விட்டார்.

"அப்பச் சரி," என்றார்.

அதற்குப் பிறகு அவர் என்னைத் தலைவரே என்று கூப்பிடவில்லை. பதவிக்காலமும் முடிந்துவிட்டது. கண்மாய்க்குத் தண்ணீர் போகிறது, அப்பா காபி குடிக்கிறார். ஆனால் முதல் வருஷத்தில் எவ்வளவு பெரிய கட்டுகளில் கையெழுத்துப் போட்டேன் என்று எனக்குத்தானே தெரியும். கால் இல்லாத அந்தத் தாள்களில் எழுதியது போக மிச்சம் எத்தனை இருக்கிறது என்று கேட்டால் சிரிக்கிறார். பழைய தேதி போட அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனையூர்க்காரர் இப்போதும் வருகிறார், காபி நன்றாக இருக்கிறது என்கிறார். அந்தத் தாள்களை வைத்துப் பூட்டிய பீரோவின் சாவி இன்னும் இவர் இடுப்பில்தான் இருக்கிறது.