தெருப் பக்கத்து அறை

தாய்லாந்தில் அந்த மழை ஊருக்குப் போகிறவர்கள் என்னிடம் கேட்டால் நான் முதலில் சொல்லிவந்தது இதுதான்: நடு மாடியில், தெருப் பக்கம் பார்த்த அறையாகக் கேளுங்கள். கீழ் அறை வேண்டாம், மழை பெருத்தால் தண்ணீர் கதவுக்குக் கீழால் உள்ளே வரும். மேல் மாடியும் வேண்டாம், அதற்குத் தகரக் கூரை. மழைச் சத்தத்தில் பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் பேசுவதுகூடக் காதில் விழாது. பருத்திச் சேலையை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள், அங்கே அது காயவே காயாது. கொடி கட்ட ஒரு நைலோன் கயிறு எடுத்துக்கொள்ளுங்கள். சோறு அவிக்கச் சின்ன குக்கர் கொண்டு போனால் ஹோட்டல்காரி கண்டும் காணாததுபோல் விட்டுவிடுவாள். ஆனால் கருவாடு மட்டும் பொரிக்காதீர்கள். எங்கள் ஆள் ஒருத்தி பொரித்து, கடைசியில் மெத்தையையே மாற்ற வேண்டியதாகிவிட்டது.

இதையெல்லாம் நான் பாரிஸில், எங்கள் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், ஒரு பலசரக்குக் கடையின் கல்லாவில் நின்றபடி சொல்லிவருகிறேன். சார்செல், திரான்சி என்று புறநகர்களிலிருந்து சனிக்கிழமைச் சாமான் வாங்க வருகிறவர்கள் முருங்கைக்காயைத் தராசில் வைத்துக்கொண்டே கேட்பார்கள்.

“அக்கா, நீங்கள் அங்கை போய் நிண்டனீங்கள்தானே. மலிவா ஒரு ஹொட்டல் சொல்லுங்கோவன்.”

நான் ஹோட்டல் பெயரைச் சிட்டையின் பின்பக்கம் எழுதிக் கொடுப்பேன். போய் வந்ததும் அதே ஆட்கள் சண்டைக்கு வருவார்கள். சுவரெல்லாம் பூஞ்சணமாம், குளியலறையில் தவளையாம், எதிரிக்குக்கூட இப்படி ஓர் இடத்தைச் சொல்லமாட்டார்களாம். திட்டி முடியும்வரை பொறுத்திருந்துவிட்டு நான் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்.

“வாசல் மேசையிலை கண்ணாடிக்குக் கீழ ஒரு பெடியன்ரை படம் இருந்ததோ?”

இருந்தது என்பார்கள். எனக்கு அது போதும். என் தம்பியின் படம் அது. அந்த ஹோட்டலுக்கு நான் ஆட்களை அனுப்பிவந்ததே அதற்காகத்தான்.

2009 வைகாசியில் போர் முடிகிற நாட்களில் அம்மாவும் தம்பியும் சனத்தோடு சனமாக நீரேரியைக் கடந்திருக்கிறார்கள். கழுத்தளவு தண்ணீரில் அம்மாவின் கையைத் தம்பி பிடித்திருந்தான். பின்னால் ஏதோ விழுந்து வெடித்ததில் கை விட்டுப்போனது. அம்மா கரையேறினார். அதற்குப் பிறகு அவனைக் கண்டதாகச் சொன்னவர் யாருமில்லை. முகாமிலிருந்து அம்மா முதல்முறை தொலைபேசியில் பேசியபோது உயிரோடு இருக்கிறீர்களா என்று நான் அழுதேன். அவர் கேட்டது, “தம்பி அங்கை வந்திட்டானோ?” என்று. மழை விட்டும் தூவானம் விடவில்லை என்பார்களே, எங்கள் வீட்டில் அந்தத் தூவானம் அன்றைக்குத் தொடங்கியதுதான்.

நான் ஊருக்குப் போக முடியாது. அகதியாக வந்த எங்களுக்குப் பிரான்ஸ் தருகிற பயணப் பத்திரத்தில் எந்த நாட்டுக்கும் போகலாம் என்றிருக்கும், பிறந்த நாட்டைத் தவிர. அதனால் எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் வந்துவிட்டது. பெற்றவர்கள் அங்கிருந்து புறப்படுவார்கள், பிள்ளைகள் இங்கிருந்து புறப்படுவார்கள், நடுவில் ஏதாவது ஒரு நாட்டில் சந்திப்பார்கள். இந்தியா, மலேசியா, தாய்லாந்து, எங்கே விசா கிடைக்கிறதோ அங்கே. சுற்றுலாப் பயணிகள் கடற்கரைக்குப் போக, நாங்கள் ஹோட்டல் கட்டிலில் சப்பணமிட்டு உட்கார்ந்து மிளகாய்த் தூளையும் சொக்லேட்டையும் கைமாற்றிக்கொள்வோம். அதுவும் ஆவணி மாதத்தில்தான் போவோம். பாரிஸ் வெறிச்சோடும்போதுதான் முதலாளிமார் விடுமுறை தருவார்கள். எங்கள் கடைக்காரரோ ஆவணிக் கடைசியில் லா சப்பல் தெருக்களில் ஓடும் பிள்ளையார் தேருக்கு முன் திரும்பி வந்துவிட வேண்டும் என்பார், தேர் நாளில் தேங்காய் விற்க ஆள் வேண்டுமே. ஆவணி அங்கே அடைமழைக் காலம் என்பது முதலாளிமாருக்குத் தெரியாது. தெரிந்தாலும் நனையப்போவது அவர்களா?

அம்மா முகாமிலிருந்து வெளியே வந்து, கடவுச்சீட்டு எடுத்து, விசா கிடைக்கச் சில வருடங்கள் போயின. நாங்கள் பாங்கொக்கில் தங்குவதாகத்தான் திட்டம். புறப்படுவதற்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது அம்மா தொலைபேசியில் ஓர் ஊரின் பெயரைச் சொன்னார். அதை ஒரு கடதாசியில் எழுதிவைத்து எழுத்துக்கூட்டி வாசித்தார். தெற்கே பர்மா எல்லையில், கடலோரம் இருக்கும் ஊர். முதலில் அங்கே போய் இரண்டு நாள் தங்கிவிட்டு வருவோம் என்றார். ஏனம்மா என்று கேட்டால், பார்க்க வேண்டும்போல் இருக்கிறது என்றார். வாழ்நாளில் கதிர்காமம்கூடப் பார்க்காத மனுசிக்கு இப்படி ஓர் ஆசை வந்ததே என்று நான் சந்தோசப்பட்டேன்.

பாங்கொக் விமான நிலையத்தில் அம்மாவைக் கண்டபோது முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. இவ்வளவு சிறிய ஆளா என் அம்மா? கட்டிப்பிடித்து அழுதேன். அவரும் அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

“அந்த ஊருக்கு எத்தினை மணிக்குப் பிள்ளை பஸ்?”

பஸ்ஸில் வைத்துத்தான் விசயம் தெரிந்தது. முகாமில் பக்கத்துக் கூடாரத்தில் இருந்த ஒரு பெண் சொல்லியிருக்கிறார், தப்பின பெடியன்கள் கடலால் அந்தப் பக்கம் போய், கப்பலுக்குக் காத்து நிற்கிறார்கள் என்று. அந்தப் பெண்ணுக்கு யார் சொன்னார்கள் என்று அம்மா கேட்கவில்லை. கேட்டால் இல்லையென்று ஆகிவிடும் என்று பயந்திருக்கலாம். அம்மா என்னைப் பார்க்க வந்திருக்கிறார் என்று நான் வேலையிடத்தில் எல்லோருக்கும் சொல்லிவிட்டு வந்தவள். பஸ் கண்ணாடியில் மழை அடித்துக்கொண்டிருந்தது. பெத்த மனம் பித்து என்று சொல்வார்கள். அந்தப் பித்து எந்தப் பிள்ளைக்கு என்று யாரும் சொல்வதில்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது. காணாமல் போனவன்மேல் பொறாமைப்படுகிற மனதையும் கடவுள் படைத்திருக்கிறாரே என்று அழுகையும் வந்தது.

ஹோட்டலில் முதலில் எங்களுக்குக் கொடுத்தது மேல் மாடி அறை. வெடிச்சத்தத்தில் அம்மாவின் ஒரு காது அடைத்துப்போயிருந்தது. தகரத்தில் மழை விழத் தொடங்கியதும் நான் சொல்வது ஒன்றும் அவருக்குக் கேட்கவில்லை. இத்தனை வருடமாகச் சேர்த்து வைத்திருந்த கதைகளை நான் கத்திக் கத்திச் சொல்ல, அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த நாள் கீழே இறங்கி, கையாலும் காலாலும் பேசி, நடு மாடியில் பின்பக்க அறை ஒன்றுக்கு மாறினேன். அமைதியான அறை. சன்னலைத் திறந்தால் வாழைமரம் தெரிந்தது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து நின்றுவிட்டார்.

“இஞ்சை இருந்தால் ஆரும் போறது தெரியாது பிள்ளை. றோட்டுப் பக்கமாக் கேள்.”

அப்படிக் கிடைத்ததுதான் அந்த அறை. அம்மா சன்னலோரம் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். குடை பிடித்துப் போகிறவர்களின் முகம் மேலேயிருந்து தெரியாது, நடையைத்தான் பார்க்கலாம். நடை போதும் என்றார் அம்மா. மழை குறைந்த நேரங்களில் என்னையும் இழுத்துக்கொண்டு மீன் துறைக்கும் சந்தைக்கும் போவார். ஊரிலிருந்து கொண்டுவந்த தம்பியின் படத்தைச் சேலைத் தலைப்பால் மூடிப் பிடித்து, வலை இழுக்கிற ஆட்களிடம் நீட்டுவார். எங்கள் நிறத்தில் பர்மாக்காரர் ஆயிரம் பேர் அங்கே வேலை செய்கிறார்கள். ஒவ்வொருவனும் முதுகைக் காட்டி நிற்கும்போது தம்பி மாதிரித்தான் இருந்தான். அம்மா கிட்டப் போய் அவர்கள் திரும்பும்வரை நிற்பார். திரும்பியதும் தலையை ஆட்டிவிட்டு அடுத்தவனிடம் போவார். நான் குடையைப் பிடித்தபடி பின்னால் நடந்தேன். எனக்குக் கால்கள் இரண்டும் ஊறிப் புண்ணாகிவிட்டன. பிளாஸ்டிக் செருப்புக் கொண்டு போங்கள் என்று நான் எல்லோருக்கும் சொல்வது அதனால்தான்.

இரண்டு நாள் என்று போன இடத்தில் விடுமுறை முழுவதும் கழிந்தது. பாங்கொக்கை நாங்கள் பார்க்கவே இல்லை. ஒரு நாள் துறையிலிருந்து நனைந்து வந்த பிறகு, அம்மா என் தலையைத் துவட்டிவிட்டார். துவட்டிக்கொண்டே மெல்லச் சொன்னார்.

“உன்னைப் பாக்காமல் இருக்கிறன் எண்டு நினையாதை பிள்ளை. நீ இருக்கிறாய் எண்டு எனக்குத் தெரியும்.”

எரிச்சல் எல்லாம் அந்த ஒரு சொல்லோடு போய்விட்டது. அதற்குப் பிறகு அவர் முன்னால் போகவில்லை, நான்தான் படத்தை வாங்கி ஒவ்வொருவரிடமும் நீட்டினேன்.

புறப்படுகிற அன்று அம்மா ஹோட்டல் வாசல் மேசையருகே நின்று நகர மறுத்தார். மேசைக்கு மேல் தடித்த கண்ணாடி போட்டு, அதற்குக் கீழே பஸ் நேரம், நாள்காட்டி, பல நாட்டுக் காசுத்தாள்கள் என்று வைத்திருப்பார்கள். அங்கே தம்பியின் படத்தை வைக்க வேண்டும் என்றார். அம்மாவிடம் இரண்டு பிரதிகள் இருந்தன. பிளாஸ்டிக் உறை போட்டது ஒன்று, வெறும் படம் ஒன்று. உறை போட்டதை அவர் ஊரில் வைத்திருக்க வேண்டும், அங்கே காணாமல் போனவர்களின் தாய்மாரோடு, பிள்ளைகள் எங்கே என்று அரசைக் கேட்டு, வீதியோரக் கொட்டகையில் வெயிலும் மழையும் பாராமல் உட்காருகிறவர். அதனால் வெறும் படத்தைக் கொடுத்தோம். நான் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஹோட்டல்காரியிடம் சொன்னேன்: இது என் தம்பி, வந்தால் இந்த எண்ணுக்குப் பேசுங்கள். அவள் ஏதோ கேட்டாள்.

“என்னவாம்?” என்றார் அம்மா.

“எப்ப வருவார் எண்டு கேக்கிறா.”

“நானும் அதைத்தானே பிள்ளை எல்லாரிட்டையும் கேக்கிறன்.”

ஹோட்டல்காரி எங்கள் இருவரின் முகத்தையும் பார்த்தாள். பிறகு வேறொன்றும் கேட்காமல், கண்ணாடியை ஒரு பக்கம் தூக்கிப் படத்தை உள்ளே தள்ளினாள். விமான நிலையத்தில் அம்மா ஒரு வாசலாலும் நான் ஒரு வாசலாலும் போனோம். அதுதான் நான் அவரை நேரில் கண்ட கடைசித் தடவை. அதற்குப் பிறகு அவருக்குச் சர்க்கரை கூடிக் கால் விரல்களை எடுத்தார்கள், பயணம் செய்ய முடியாமல் போனது.

ஒவ்வொரு ஞாயிறும் நான் பேசுவேன். மருந்து, சாப்பாடு எல்லாம் விசாரித்து முடிந்ததும் அவர் கேட்பார்.

“ஆரும் அங்கை போய் வந்தவையோ?”

“ஓம் அம்மா.”

“படம் இருக்காமோ?”

“இருக்காம்.”

அதன் பிறகு அவர் குரல் தெளிந்துவிடும். மாதக்கணக்கில் யாரும் போகாத காலங்களில் அந்தக் குரல் மங்கிக்கொண்டே வரும். நான் ஏன் கல்லாவில் நின்று மழை ஊரின் புகழ் பாடினேன் என்று இப்போது உங்களுக்குப் புரியும். கடற்கரைக்குப் போகவிருந்தவர்களைக்கூட வழியில் ஒரு நாள் அங்கே தங்கிப் போங்கள் என்று திருப்பிவிட்டிருக்கிறேன்.

போன வருடம் திரான்சியில் இருக்கும் ஓர் அண்ணை தன் மாமியாரைச் சந்திக்கத் தாய்லாந்து போனார். மனைவியோடு அந்த ஹோட்டலில் நின்றுவிட்டு வந்தார். தேருக்கு முதல் நாள், கடையில் நிற்க இடமில்லாத நேரம், வரிசையில் நின்று என்னிடம் வந்தார். சாமான் ஒன்றும் வாங்கவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துக் கல்லாவில் வைத்தார்.

“ஹொட்டல் கைமாறிட்டுது தங்கச்சி. புது ஆக்கள் அந்த மேசையைக் கழட்டிப் போட்டினம். கண்ணாடிக்குக் கீழ ஈரம் இறங்கிப் படம் ஒட்டிப்போச்சு. பழைய ஹொட்டல்கார மனிசிதான் பாவம், இன்னும் அங்கைதான் இருக்குது, எங்களைக் கண்டவுடன இதை உரிச்சுத் தந்தது. பக்குவமாத்தான் உரிச்சது. ஆனாலும்…”

உறைக்குள் தம்பியின் பள்ளிக்கூடச் சட்டை இருந்தது. கழுத்துப் பொத்தான் இருந்தது. அதற்கு மேல் வெள்ளைக் கடதாசி.

“மற்றது?” என்றேன்.

“முகம் கண்ணாடியோடையே நிண்டிட்டுது. அந்தக் கண்ணாடியைப் பின்வளவிலை சுவரோட சாத்தி வச்சிருக்கினம்.”

பின்னால் நின்ற பெண் தன் தேங்காய்களைக் கல்லாவில் வைத்துவிட்டுப் பொறுமையில்லாமல் பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். நான் தேங்காய்களைக் கணக்குப் பார்த்தேன். மிச்சக் காசைக் கொடுத்தேன். அடுத்த ஆளுக்கும் கணக்குப் பார்த்தேன். முதலாளி வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, “நீ உள்ளுக்கை போய் இரு பிள்ளை” என்றபோதுதான் நான் அழுதுகொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பேசும்போது இதை எப்படிச் சொல்வது? நாற்பது வகையாக யோசித்தேன். கடைசியில் நடந்ததை நடந்தபடியே சொன்னேன். சட்டை என்னிடம் வந்திருக்கிறது, முகம் கண்ணாடியில் ஒட்டிவிட்டது, கண்ணாடி பின்வளவில் இருக்கிறது. கேட்காத காதில் தொலைபேசியை வைத்துவிட்டாரோ என்று நினைத்து, திரும்பவும் சொல்ல வாயெடுத்தேன்.

“கேட்டது பிள்ளை,” என்றார் அம்மா. “அங்கை இப்ப மழைக்காலமெல்லே?”

“ஓம் அம்மா.”

“அவனை உள்ளுக்கை எடுத்து வைக்கச் சொல்லு. நனையப்போறான்.”

ஹோட்டலுக்குத் தொலைபேசி எடுத்துப் பார்த்தேன். புது ஆட்களுக்கு நான் பேசுவது விளங்கவில்லை. இப்போது யாராவது அந்த ஊருக்குப் போகிறேன் என்று வந்தால், அறையைப் பற்றி நான் பிறகுதான் சொல்கிறேன். முதலில், பின்வளவில் ஒரு கண்ணாடி சாத்தியிருக்கும், அதை ஒருக்கால் உள்ளே எடுத்து வையுங்கோ என்று சொல்கிறேன்.