சொல்லாமல் போக முடியாத விமானம்

எங்கள் முதலாளிக்கு வீடு திருச்செங்கோட்டில். அவருடைய போர்வெல் ரிக் வண்டிகள் ஓடுவது ராய்ப்பூர் பக்கம். யாரிடமும் சொல்லாமல் காரில் கிளம்பிப்போய், வேலை நடக்கிற இடத்தில் திடீரென்று போய் நிற்பார். அந்தப் பயத்தில்தான் அங்கே எல்லாம் ஒழுங்காக நடந்தது. வயதாகி இடுப்பு வலி வந்ததும், சிறிய விமானம் ஒன்றை வாங்கினார்.

அலைச்சல் அவருடைய செயலாளரான என் தலையில் விழுந்தது. எந்த நாள், எத்தனை மணி, யார் யார் வருகிறார்கள் என்று முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்க வேண்டும். பைலட்டுக்கு அறை போட வேண்டும். இறங்குகிற இடத்துக்குக் கார் அனுப்பச் சொல்லி ரிக் மேனேஜருக்குப் போன் செய்ய வேண்டும். அங்கே கார் அனுப்ப அவரை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

முதலாளி போய் இறங்கும்போதெல்லாம் அத்தனை பேரும் குளித்து, தலை சீவி, துடைத்த வண்டிகளுக்குப் பக்கத்தில் நின்றார்கள்.

ஒரு வருடம்கூட ஆகவில்லை. "வித்துப்போடு சாமி. மாப்பிள்ளை அழைப்பாட்டம் மாலையோட நிக்கறானுங்க," என்றார்.

ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டவர்களிடமெல்லாம், "இதைவிடப் பெருசா வாங்கப்போறாருங்க," என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது.

விமானம் கைமாறிய மறுவாரம் முதலாளி அலுவலகத்துக்கு வரவில்லை. எங்கே போனார் என்று வீட்டிலும் தெரியவில்லை. மூன்றாம் நாள் ரிக் மேனேஜர் அழைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"ஏனுங்க மேடம், ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதுங்களா?"