உள்ளங்கைச் சீனி

கலஹாத் தோட்டத்துத் தவமலர், சீனி வருத்தம் எனும் நீரிழிவு பற்றிய ஆய்வுக்காக நானூறு நோயாளிகளின் வீடேறிப் படிவம் நிரப்பினாள். தேநீரில் எத்தனை கரண்டி சீனி என்ற கேள்விக்கு, "போடுறதே இல்ல" என்றார்கள் முக்கால்வாசிப் பேர். இவ்வளவு கட்டுப்பாடான நோயாளிகளுக்கும் கால் புண் ஆறவில்லை. ஆகவே சீனி குற்றமற்றது என்று ஆய்வை நடத்திய டாக்டர் அரூஸ் கட்டுரையே எழுதிவிட்டார்.

சீனியை உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டே வெறுந்தேநீர் குடிப்பது தோட்டத்தில் எல்லோரையும் போலத் தவமலருக்கும் பழக்கம்தான். படிவம் அதைக் கேட்கவில்லை. சொன்னால் நானூறு வீடும் மறுபடி ஏற வேண்டும். சொல்லாவிட்டால், ஏற்கெனவே ஒரு கால்விரல் போன நோயாளி வீரம்மாவுக்குக் காலே போகும்.

டாக்டரை வீரம்மாவின் லயத்து வீட்டுக்கே கூட்டிப்போனாள்.

"சீனி போடுறல்லண்டு சொன்னீங்களே?" என்றார் டாக்டர், வீரம்மாவின் உள்ளங்கைச் சீனியைப் பார்த்து.

"தேத்தண்ணிக்குள்ள போடலையே ஐயா, கையிலதான வச்சிருக்கேன்! நீங்களும் கைய நீட்டுங்க."

டாக்டர் நீட்டினார், நக்கினார். பிறகு, "தவமலர், எல்லார்ட்டயும் திரும்பக் கேக்கோணும்" என்றார்.

பழைய படிவத்தின் பின்பக்கத்தில் தவமலர் அங்கேயே எழுதத் தொடங்கினாள்: வீரம்மா, உள்ளங்கையில் மூன்று கரண்டி.