நாலாம் இலக்கக் கபின்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். எனக்கு நடந்ததைத்தான் எழுதுகிறேன். நான் ஒழுங்காகச் சபைக்குப் போகிறவன், பேய் என்றால் சிரிக்கிறவன். அந்தச் சிரிப்பு போன வருடம் ஜனவரி பதினான்காம் திகதியோடு போய்விட்டது.

அண்ணை மகேந்திரராசா கோல்டிங் ஆஸ்பத்திரியில் கிடந்தார். மறுநாள் காலை பெரிய ஒப்பரேஷன். பிழைப்பது பாதிக்குப் பாதி என்றார்கள். அப்போதுதான் வாயைத் திறந்தார். எண்பத்தாறில் அகதியாக வந்த புதிதில் பிராண்டேக்குப் பக்கத்தில், வீதியோர மரக் கபின் முகாம் ஒன்றில் இருந்தாராம். நாலாம் இலக்கக் கபின். கூட இருந்த ஜெகநாதனுக்குக் கடும் காய்ச்சல். மருந்து வாங்கப் போன அண்ணை, கோல்டிங்கில் கூட்டாளிகளோடு தங்கிவிட்டார். மூன்றாம் நாள் திரும்பினால், அவன் விறைத்துக் கிடந்தான். இத்தனை வருடம் இதை விழுங்கி வைத்திருந்த மனுஷன் மேல் எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

"அந்த இடத்தைத் தேடிப் பிடிச்சு, எனக்காக மன்னிப்புக் கேள் தம்பி. இல்லாட்டி நான் தப்ப மாட்டன்," என்றார்.

கொமூன் என்கிற நகரசபையின் காப்பகத்தில் ஒரு பழைய வரைபடம் கிடைத்தது. அதில் வரிசையாக ஆறு கட்டங்கள். அந்த வீதியே இப்போது இல்லை, காடு மூடிவிட்டது. காரை நிறுத்திவிட்டு நடந்தேன். மணி 15.50. மரங்களுக்குள்ளே கொங்கிரீட் தரைகள். ஒன்று… இரண்டு… மூன்று… எல்லாவற்றிலும் கணுக்கால் அளவு பனி.

நான்காவதில் பனி இல்லை.

தொட்டுப் பார்த்தேன். காய்ச்சற்காரனின் நெற்றி போலச் சுட்டது. எங்கிருந்தோ, ஊரில் காய்ச்சலுக்குப் பூசும் சித்தாலேப தைலம் மணத்தது.

அவசர அவசரமாக ஜெபித்தேன். அண்ணைக்காக மன்னிப்புக் கேட்டேன். திரும்பும்போது வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. எங்கேயிருந்து வெளியேறினாலும் "போறன்" என்று சொல்லாத சனம் நாங்கள்.

"சரி… போட்டு வாறன்."

டொக்.

கதவு தட்டும் சத்தம். அங்கே கதவே இல்லை.

டொக்… டொக்…

காதோடு ஒரு குரல்.

"அவனும் இப்பிடித்தான் சொன்னவன்."

ஓடினேன். விழுந்து எழும்பி ஓடினேன். 16.07க்குக் கார் தெரிந்தது.

பனியில் கால் தடம். வெறுங்கால்.

எனக்கு முன்னாலேயே வந்திருந்தது. காரைத் தாண்டி… கோல்டிங் பக்கமாகப் போயிருந்தது.

அண்ணைக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தேன்.

16.58க்கு ஆஸ்பத்திரி. கட்டிலை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். 16.15க்கு இருதயம் நின்றுவிட்டதாம்.

ஒரு கிழமை கழித்து அண்ணையின் சாமான்களை எடுக்கப் போனேன். அன்று வேலையில் இருந்த தாதி, கடைசி நேரத்தில் உங்கள் ஆள் ஒருவர் பக்கத்தில் நின்றார் என்றாள். இளந்தாரி. வெறுங்கால். உடம்பெல்லாம் நடுங்கியதாம். அண்ணையின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தாராம். அந்தச் சொல்லை அவள் கஷ்டப்பட்டு உச்சரித்துக் காட்டினாள்.

"வெ-ளிக்-கிடு."

புறப்படு என்பதை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்.

அது ஜெபமா என்று கேட்டாள். ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.