பல்லுக்காரர் வாங்கிய விளக்கு

தெருவில் அவரைப் பல்லுக்காரர் என்றுதான் சொல்வார்கள். பல் பிடுங்குகிறவர் என்று நம்பி வீங்கிய கன்னத்தோடு வாசலில் வந்து நின்றவர்களும் உண்டு. அவர் பிடுங்குகிறவர் இல்லை, செய்கிறவர். மருத்துவர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்து, பீங்கான் மாவைத் தூரிகையால் அடுக்கடுக்காக ஏற்றி, சின்னச் சூளையில் சுட்டு, முகம் தெரியாத யாரோ ஒருவரின் வாய்க்குள் அந்தப் பல்லைக் காணாமல் போகச் செய்கிற வேலை. முப்பத்தோரு வருஷமாக அதைத்தான் செய்தார். அவர் செய்த பல்லை யாரும் பாராட்டியதில்லை. பாராட்டினால் அது தனியாகத் தெரிகிறது என்று அர்த்தம்.

மனைவியின் மேல்வரிசை முன்பல் ஒன்றும் அவர் செய்ததுதான். பதினேழு வருஷத்துக்கு முன் மாடிப்படியில் விழுந்து அவள் பல்லை உடைத்துக்கொண்டபோது பதினோரு நாள் உட்கார்ந்து செய்தார். ஏழு பல்லைச் செய்து தூக்கிப் போட்டுவிட்டு எட்டாவதை மாட்டினார். அதைப் பற்றி மட்டும் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. சில வருஷங்களாக அவள் போட்டோவிலும் சரி, அவர் முன்னாலும் சரி, வாயை மூடிக்கொண்டுதான் சிரிக்கிறாள். வயசானால் கூச்சம் வந்துவிடும்போல என்று நினைத்துக்கொண்டார்.

அவர் வேலை பார்த்த பல் லேப் சின்ன இடத்துக்கு மாறியதும், நிறம் சேர்க்கிற கடைசி வேலையை வீட்டிலேயே முடித்துக் கொடுக்கச் சொல்லிவிட்டார் முதலாளி. பின்னறையைக் காலி செய்து மேசை போட்டார். எதிர்ச் சுவருக்குச் சாம்பல் வண்ணம் அடித்தார். ஜெயில் மாதிரி இருக்கிறது என்று மனைவி முகத்தைச் சுளித்தாள். ஆனால் அவருக்கு அது வேண்டும். ஒரு பல்லை ஐந்து எண்ணுகிற நேரத்துக்கு மேல் பார்த்தால் கண் அசந்துபோய்ப் பொய் சொல்ல ஆரம்பிக்கும். உடனே சாம்பல் சுவரைப் பார்த்துவிட்டு மறுபடி பல்லுக்கு வர வேண்டும். அவர் யாருக்காகவும் மாற்றிக்கொள்ளாத பழக்கம் அது.

இரண்டு மாசத்தில் மூன்று பல் திரும்பி வந்தன. பக்கத்துப் பல்லோடு நிறம் ஒட்டவில்லையாம்.

"அண்ணே, நீங்க செஞ்சதா இதுன்னு டாக்டர் கேக்குறாரு," என்றார் முதலாளி போனில். அவர் இவரைவிடப் பத்து வயது சின்னவர். "இன்னொண்ணு திரும்பி வந்தா நிறம் பாக்குற வேலைய வேற ஆளுக்குத்தான் குடுக்கணும். தப்பா எடுத்துக்காதீங்கண்ணே."

"லேப் வெளிச்சம் வேற, வீட்டு வெளிச்சம் வேற தம்பி. லேம்ப்ப மாத்துனா சரியாயிடும்."

மனைவியிடமும் இதையேதான் சொன்னார். சொல்லாதது ஒன்று இருந்தது. எட்டு மாசத்துக்கு முன், சர்க்கரை நோய் கண்ணின் பின்பக்கம் வரை போய்விட்டது என்று கண் மருத்துவர் சொல்லியிருந்தார். போனது திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றலாம், வெளிர் நிறங்களைப் பிரித்துப் பார்ப்பது கஷ்டமாகும் என்றார். வீட்டுக்கு வந்து, கண்ணாடி பவர் கூடியிருக்கிறதாம் என்று சொல்லி முடித்துவிட்டார். மனுஷருக்குப் பொய் சொல்லவே வராது. தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும்போது மட்டும் எப்படியோ சரளமாக வந்தது. குற்றம் விளக்கின் மேல்தான் என்று பாதிக்கு மேல் அவரே நம்பிவிட்டார்.

மறுநாள் காலையில் மனைவியோடு விளக்குக் கடைக்குப் போனார். கடைப் பெண் பொறுமைசாலி. இவர் நாற்காலி கேட்டார், மேசை கேட்டார், வீட்டில் இருப்பது போலவே உட்கார்ந்துகொண்டார். வலது கையால் வேலை செய்கிறவருக்கு விளக்கு இடப்பக்கம் நிற்க வேண்டும், இல்லையென்றால் கை நிழல் பல்லின் மேல் விழும். பல்பு கண்ணில் படக்கூடாது. கழுத்து, வளைத்த இடத்தில் நிற்க வேண்டும். முதல் விளக்கு வளைத்த கையோடு தலையைத் தொங்கப் போட்டது.

"உங்கள மாதிரியே இருக்குங்க. உக்காந்ததும் தூங்குது," என்றாள் மனைவி. கடைப் பெண் சிரித்தாள். அவரும் சிரித்தார். அன்றைக்கு அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

பையிலிருந்து இரண்டு மாதிரிப் பற்களை எடுத்தார். நிறத்தில் ஒன்றுக்கு அடுத்தது ஒன்று. அடியில் நிறத்தின் எண் இருக்கும். கண்ணை மூடி இடம் மாற்றி வைத்துவிட்டு, எது எந்த எண் என்று பார்த்தே சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் வாசல் வெளிச்சத்தில் நடந்தபடியே சொன்னவர்.

"ரெண்டும் ஒண்ணா தெரியுது. வேற காட்டும்மா."

அடுத்த விளக்கிலும் ஒன்றாகத்தான் தெரிந்தது. அதற்கடுத்ததிலும் அப்படியே. நிறத்தை உள்ளபடி காட்டும் என்று அட்டையில் போட்டிருந்த நாலாவது விளக்கைக் கடைப் பெண் ஏற்றிவைத்தாள். அவர் ஐந்து எண்ணினார், சுவரைப் பார்த்தார், மறுபடி பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"இதுலயே தெரியுதே சார்," என்றாள் அந்தப் பெண். "இது வெள்ளை, இது கொஞ்சம் பழுப்பு. முன்னாடி காட்டுனதுலயும் தெரிஞ்சுது."

உதவி செய்கிற எண்ணத்தில்தான் சொன்னாள். அவர் மாதிரியைப் புரட்டி எண்ணைப் பார்த்தார். அவள் சொன்னது சரி. காது மடல் சூடாகிவிட்டது.

"முப்பத்தோரு வருஷமா நிறம் பாக்குறேம்மா. எனக்கு எது வேணும்னு எனக்குத் தெரியும்."

கடைசியில், இருப்பதிலேயே கண்ணைப் பறிக்கிற ஒன்றைக் கை காட்டினார். வேலைக்கு இது வேண்டாம், கண் கூசும் என்று அந்தப் பெண் சொல்லிப் பார்த்தாள். மனைவி குறுக்கிட்டு, "அவருக்குப் புடிச்சதையே குடுத்துடும்மா," என்றாள்.

மதியம் பின்னறையில் விளக்கை இடப்பக்கம் திருகி வைத்தார். கழுத்து, சொன்ன இடத்தில் நின்றது. நாற்காலியில் மனைவியை உட்கார வைத்தார்.

"கொஞ்சம் சிரி, பாக்கலாம்."

"எதுக்குங்க இப்போ?"

"சிரியேன்."

சிரித்தாள். ஐந்து எண்ணினார். சுவரைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"எது நான் செஞ்சது, எது உன்னோடதுன்னு எனக்கே தெரியல பாரு. அருமையான லேம்ப்."

அவள் வாயை மூடிக்கொண்டாள். "ஆமாங்க, நல்ல லேம்ப்தான்." சொன்ன வேகம் அவருக்கு உறுத்தியது.

அப்புறம்தான் அவருக்கே உறைத்தது. சொந்தப் பல் வருஷத்துக்கு வருஷம் பழுப்பேறும், பீங்கான் அப்படியே இருக்கும், பத்து வருஷம் போனால் இரண்டும் ஒட்டாது என்று லேப்பில் எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறார். இது பதினேழு வருஷத்துப் பல். ஒட்டியிருக்கவே முடியாது.

"கண்ணாடியில பாத்தா உனக்குத் தெரியுதா?"

"விடுங்களேன்."

"சொல்லு."

"தெரியுதுங்க. நாலஞ்சு வருஷமாவே தெரியுது. அம்மா சிரிச்சா அந்த ஒரு பல்லுதான் முதல்ல சிரிக்குதுன்னு நம்ம பொண்ணு கேலி பண்ணுவா. நீங்க பாத்துப் பாத்து செஞ்சதாச்சேன்னு நான் சொல்லல."

"இந்த வெளிச்சத்துல?"

"பளிச்சுனு தெரியும்."

கண் மருத்துவர் சொன்னதை அப்போதுதான் சொன்னார், ஒன்றுவிடாமல். பிறகு முதலாளிக்குப் போன் போட்டு, கையிலிருக்கும் நாலு பல்லையும் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடச் சொன்னார். உடம்புக்கு என்ன என்று முதலாளி கேட்டதற்கு, ஒன்றுமில்லை தம்பி என்றார்.

"லேம்ப்ப நாளைக்குத் திருப்பிக் குடுத்துடலாமா?" என்று கேட்டாள் மனைவி.

"இருக்கட்டும். இன்னொரு தடவ சிரி."

இத்தனை வருஷமாக மூடி வைத்திருந்த வாயைத் திறந்து அவள் நன்றாகவே சிரித்தாள். அவர் ஐந்து எண்ணவில்லை, சுவர்ப் பக்கம் திரும்பவும் இல்லை. எவ்வளவு நேரம் பார்த்தும் அவருக்கு எல்லாப் பல்லும் ஒன்றுபோலத்தான் தெரிந்தன.