ஹீலர் பாதி, கொலையாளி பாதி

எங்கள் விளையாட்டு மேசையில் யார் கீழே விழுந்தாலும் முதல் திட்டு எனக்குத்தான். "எங்க போயிருந்த?" என்று கேட்பார்கள். நான் ஹீலர். மற்றவர்கள் சண்டை போடுவார்கள், நான் பின்னால் நின்று காயத்தை ஆற்றுவேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சாப்பிட்டதும் நாங்கள் நாலு பேர் கீழ்புத்துப்பட்டில் அக்கா வீட்டு மாடியில் கூடுவோம். அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. ஆரோவில்லில் ஒரு அச்சகத்தில் வேலை பார்க்கிறவள். அங்கே வந்து தங்கும் வெளிநாட்டுக்காரர்களிடம் இந்த விளையாட்டைக் கற்றுக்கொண்டு வந்து எங்களுக்குத் தமிழில் நடத்தினாள். ஆளுக்கு ஒரு பாத்திரம். கதையை அவள் சொல்வாள். நாங்கள் என்ன செய்கிறோம் என்று நாங்கள் சொல்ல வேண்டும். அது நடக்குமா நடக்காதா என்பதை இருபது முகம் உள்ள பகடை முடிவு செய்யும். அக்காவின் கதையில் கோட்டை கொத்தளம் எதுவும் கிடையாது. உப்புப் பாத்தி, கழுவெளி ஏரி, அதற்குள் இருக்கிற பூதங்கள், அவ்வளவுதான்.

எக்கியார்குப்பத்தில் படகு இன்ஜின் ரிப்பேர் செய்கிற தம்பி வில்லாளி. நான் நர்சாக இருந்த நர்சிங் ஹோமின் இன்சார்ஜ் போர்வீரன். அவனை அந்த மேசைக்குக் கூட்டி வந்ததே நான்தான். நேரில் பேசும்போது சார் என்றுதான் வாயில் வரும். இங்கே அவன் என்றே எழுதுகிறேன். என்னை ஹீலராக்கியதும் அவன்தான். "சிஸ்டர் இருக்கறப்ப வேற யாரு ஹீலர்?" என்றான், எல்லோரும் சிரித்தார்கள், முடிந்தது. நர்சிங் ஹோமில் கூப்பிடுகிற அதே சிஸ்டர்.

ஒரு நாள் மதியம் உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு பெரியவரை மூச்சுத் திணறலோடு ஷேர் ஆட்டோவில் கொண்டு வந்தார்கள். ஓடிப்போய் ஆக்சிஜனைத் திறந்தேன். சிலிண்டர் காலி. பக்கத்தில் இருந்ததும் காலி. ஏஜென்சிக்குச் சொல்லி நிரப்பி வைப்பது இன்சார்ஜின் வேலை. அன்று காலையில் டூட்டிக்கு வந்ததுமே அவனிடம் சொல்லியிருந்தேன். "பாத்துக்கறேன் சிஸ்டர்" என்றான். பார்க்கவில்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை முகத்தில் மாஸ்க்கை வைத்து, அதோடு இருந்த ரப்பர் பையைக் கையால் அமுக்கி அமுக்கி அந்த மனிதருக்கு மூச்சுக் கொடுத்தேன். பாண்டிச்சேரிக்குக் கொண்டு போனார்கள். பிழைத்துக்கொண்டார்.

என் வேலை பிழைக்கவில்லை. அவருடைய மகள் வராந்தாவில் நின்று, ஏன் உடனே ஆக்சிஜன் வைக்கவில்லை என்று கத்தினாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் முன்னால் வந்து, "சிஸ்டர் வர்றதுக்குக் கொஞ்சம் லேட்டாயிடுச்சும்மா" என்றான். என் முகத்தைப் பார்க்காமல், அவ்வளவு மரியாதையாகச் சொன்னான். அந்தப் பெண் என் முகத்தில் காறித் துப்பினாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை, அவளிடம் சொன்னதை அவள் நம்பினாள். டாக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். "விடும்மா, பிரச்சினையப் பெருசாக்காத" என்றார். மாதக் கடைசியில் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் சூடான பஜ்ஜிப் பொட்டலத்தோடு மாடி ஏறி வந்தான். எனக்கு முதலில் நீட்டினான். "வேல வேற, வெளயாட்டு வேற சிஸ்டர். மனசுல வச்சுக்காதீங்க."

மனசில்தான் வைத்துக்கொண்டேன். அந்த மேசையை விட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அது என் மேசை. போவதென்றால் அவன் போகட்டும்.

பாண்டிச்சேரியில் ஒரு டயாலிசிஸ் சென்டரில் வேலை கிடைத்தது. போக வர பஸ்ஸில் நிறைய நேரம். போனில் அந்த விளையாட்டின் விதிகளைப் படித்துக்கொண்டே போவேன். ஒரே பாத்திரத்தில் இரண்டு கிளாஸை, அதாவது இரண்டு தொழிலைச் சேர்க்கலாம் என்று இருந்தது. ஹீலரோடு போர்வீரனைச் சேர்த்தால் கவசம் போட்டுக்கொண்டு முன்வரிசையிலேயே நின்று கட்டுப் போடலாம். மந்திரவாதியைச் சேர்த்தால் நெருப்பும் வீசலாம், மருந்தும் வைக்கலாம். எதைச் சேர்த்தாலும் ஒன்றை இழக்க வேண்டும். ஹீலராகவே லெவல் லெவலாக ஏறிப் போகிறவளுக்குத்தான் செத்தவனை எழுப்பும் மந்திரம் ஒருநாள் கிடைக்கும். பாதியில் வேறு கிளாஸுக்குத் திரும்பினால் அது தள்ளிப் போய்க்கொண்டே இருக்கும்.

அந்த வரியைப் படித்தபோது பஸ் கோட்டக்குப்பம் நெரிசலில் நின்றுகொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து சீட்டு அம்மா திரும்பிப் பார்த்தாள்.

கொலையாளியைத் தேர்ந்தெடுத்தேன். இருட்டில் பதுங்கி, பின்னாலிருந்து குத்துகிற கிளாஸ். ஹீலரோடு அதை யாரும் சேர்ப்பதில்லை என்று அக்காவே சொன்னாள். "செத்தவங்கள எழுப்பற மந்திரம் இப்போதைக்குக் கெடைக்காதுடி. பரவால்லியா?"

"பரவால்லக்கா."

எதையும் மறைக்கவில்லை. ஒவ்வொரு முறை லெவல் ஏறும்போதும் எதில் போடுகிறேன் என்று வாய்விட்டுச் சொன்னேன். அவன் போனை நோண்டிக்கொண்டே, "கொலையாளியா? சிஸ்டருக்கு எறும்பக் கூட நசுக்கத் தெரியாது" என்றான். நானும் சேர்ந்து சிரித்தேன். பல வாரம் அவனுடைய காயங்களை ஒன்று விடாமல் ஆற்றினேன். அவசரமே படவில்லை.

உப்பு வேலை நின்று மழை தொடங்கியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. கதையில் நாங்கள் கழுவெளிக்குள் முழங்கால் சேற்றில் நின்றோம். சேற்றுப் பூதம் எழுந்தது. வழக்கம்போல அவன் யாரையும் கேட்காமல் முன்னால் ஓடினான். பூதம் அவனைத் தூக்கி அடித்தது. விழுந்தான்.

"ரத்தம் போயிட்டே இருக்கு. பகடையில இன்னும் ஒரு தடவ தோத்தா ஆளு காலி" என்றாள் அக்கா. பிறகு என்னைப் பார்த்து, "ஒன் முறை."

அவன் நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டான். "போடுங்க சிஸ்டர்."

என்னிடம் சின்ன மந்திரம் இருந்தது. அவனைத் தூக்கி நிறுத்த அது போதும்.

"நான் பூதத்தப் பின்னாலருந்து குத்தறேன்" என்றேன்.

தம்பி என்னைப் பார்த்தான். அக்கா பகடையை என் பக்கம் தள்ளினாள். நல்ல எண் விழுந்தது. பூதம் சேற்றில் சரிந்தது. தம்பி, "செம எக்கா!" என்று மேசையைத் தட்டினான். அடுத்து, விழுந்து கிடந்த இன்சார்ஜ் உருட்டினான். தோற்றான்.

"செத்துட்டீங்க" என்றாள் அக்கா.

"சரி, எழுப்புங்க."

"அந்த மந்திரம் என்கிட்ட இல்லங்க சார்."

"இல்லன்னா? இந்த லெவல்ல ஹீலருக்கு இருக்கணுமே."

"ஹீலராவே ஏறியிருந்தா இருந்திருக்கும்."

இப்போதுதான் காலை மடக்கி நிமிர்ந்து உட்கார்ந்தான். "அப்ப குத்தறதுக்கு முன்னாடி என்கிட்ட வந்திருக்கலாம் இல்ல?"

"வந்திருக்கலாம்" என்றேன். "கொஞ்சம் லேட்டாயிடுச்சு சார்."

அவன் முகம் மாறியதை நான் நிதானமாகப் பார்த்தேன். ரசித்துப் பார்த்தேன் என்றே சொல்கிறேன். "என்ன லேட்டு?" என்று தம்பி கேட்டான். நான் சொன்னேன். காலி சிலிண்டர், காலையில் நான் சொன்னது, வராந்தா, அந்தப் பெண், எல்லாவற்றையும் குரல் உயர்த்தாமல் சொன்னேன். அதுவரை அக்காவுக்கும் தம்பிக்கும் நான் சம்பளம் போதாமல் வேலையை விட்டதாகத்தான் தெரியும். அப்படிச் சொல்லி வைத்தவனும் அவன்தான்.

"அத ஏன் இங்க பேசறீங்க?" என்றான்.

"வேற எங்க பேச வுட்டீங்க?"

ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு இறங்கினான். மழையில் பைக் ஸ்டார்ட் ஆகவில்லை. அவன் உதைத்து உதைத்துப் பார்ப்பதை மாடியிலிருந்து மூன்று பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம். இன்ஜின் மெக்கானிக்கான தம்பி இடத்தை விட்டு எழவில்லை.

அன்று வீட்டில் அம்மா நண்டுக் குழம்பு வைத்திருந்தாள். மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். "இன்னாடி, மொகம் இவ்ளோ தெளிவா இருக்குது?" என்றாள். "ஒருத்தனக் கொன்னுட்டேம்மா" என்றேன். அவள் கரண்டியோடு நின்றுவிட்டாள். விளையாட்டில் என்று விளக்கிச் சொன்னதும், "எவன?" என்று கேட்டாள். சொன்னேன். இன்னொரு நண்டைத் தட்டில் வைத்தாள்.

அவன் திரும்ப வர மாட்டான் என்று நினைத்தேன். சில வாரம் கழித்து வந்தான். விளையாட்டின் ருசி அப்படி. மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. அடியிலிருந்து ஒரு புதுப் போர்வீரனோடு தொடங்கினான். இப்போது முன்னால் ஓடுவதில்லை. ஒவ்வொரு சண்டையிலும் காலடி வைக்கும் முன் என் பக்கம் திரும்பி, "சிஸ்டர், ஹீல் பண்ணுவீங்க இல்ல?" என்று கேட்கிறான்.

"பாக்கலாம் சார்" என்கிறேன். வாராவாரம் அதையே சொல்கிறேன்.

தம்பிதான் ஒருநாள் என் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். "எக்கா, நானும் வில்லாளியோட ஹீலர் ஒரு லெவல் சேத்துக்கலாமா?"

"ஏம்பா, நான் இருக்கறேன் இல்ல?"

"இருக்கற. ஆனா எம்மேல ஒனக்கு எப்பக் கோவம் வரும்னு எனக்கு எப்புடித் தெரியும்?"

அது கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. அவன் போனை வாங்கி, எந்த லெவலில் சேர்த்தால் வில்லின் பலம் குறையாது என்று காட்டிக் கொடுத்தேன்.